‘ட’ எந்தப் பக்கம் பார்க்கிறது

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததில்லை. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஓர் அச்சாபீஸுக்கு வேறொரு கதையின் ப்ரூஃப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு சிலேட்டின் மேல் இது கிடந்தது. (சரியாகச் சொன்னால், கிடந்தது கதையல்ல, ஒரு பெயர். யாராலும் படிக்க முடியாத பெயர்.)

சிக்கல் இதுதான். டிரெடில் மெஷினை மிதிக்கும் செல்லமுத்து, வயது ஐம்பத்திரண்டு, தன் பெயரைத் தானே எழுதியிருந்தார். எழுதியதை அவரே தடங்கலில்லாமல் படித்தும் காட்டினார். மற்றவர்களுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. சமூகக் கல்வி அமைப்பாளர் சோலையப்பன் அந்தச் சிலேட்டைப் பார்த்துவிட்டுச் சைபர் போட்டிருந்தார்.

“நான் எளுதுனது எனக்குத் தெளிவாத் தெரியுது. அவுகளுக்குத் தெரியலங்கிறாக. அப்ப யாருக்குங்க படிக்கத் தெரியல?” என்று செல்லமுத்து என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் கதையாக்கிவிடுவது என் வழக்கம். அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். பக்கம் முடிய முடிய, கம்பாசிட்டர் பெரியண்ணன் வாங்கிக்கொண்டு போய் அச்சுக் கோக்கிறார்.

2

முதல் தொடக்கம்: “கல்விக்கு வயது ஒரு தடையல்ல என்பதை உணர்ந்த செல்லமுத்து, கண்கள் பனிக்க,

(விட்டுவிட்டேன். செல்லமுத்துவின் கண் பனிக்காது. மண்ணெண்ணெய் பட்டால் எரியும்.)

இரண்டாம் தொடக்கம்: “எழுத்தறிவில்லாத ஒரு தொழிலாளி

(இதுவும் போயிற்று. அவருக்கு எழுத்தறிவு இருக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.)

மூன்றாவதாக, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஆண்டு 1957. முதியோருக்கு எழுத்துக் கற்பிக்கும் புத்தகத்தை அச்சடிக்கும் வேலை இந்த ஆபீஸுக்குக் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அந்தப் புத்தகத்தை அச்சடிப்பவர்களில் கைநாட்டு வைக்கும் முதியவர் யாரும் இருக்கக் கூடாதாம். அமைப்பாளர் முன்னிலையில் தாளில் ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும். காட்டும் வரை மெஷினைத் தொடக் கூடாது. காட்ட முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

“முப்பது வருசமா மிதிச்ச காலு, செல்லமுத்து. காலுக்கு நான் நூத்துக்கு நூறு போடுவேன். கைதான் பாஸாகணுமாமே, நான் என்ன செய்யட்டும்?” என்றார் முதலாளி.

அன்றிலிருந்து மெஷின் சும்மா நிற்கிறது.

3

அச்சு எழுத்தை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்காவிட்டால், ஒரு ரப்பர் ஸ்டாம்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். அப்படி மாறியிருந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். ஈய எழுத்தும் அப்படியே. பெரியண்ணன் அவற்றைக் ‘கேஸ்’ என்னும் அறைவைத்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து, பக்கமாகக் கட்டி, இரும்புச் சட்டத்தில் முடுக்கிக் கொடுப்பார். செல்லமுத்து சட்டத்தை மெஷினில் மாட்டி மிதிப்பார். அச்சடித்து முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்டு மை போகத் துலக்குவார்.

பெரியண்ணனுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே கோக்கும் பழக்கம். காதில் விழுந்த சத்தத்தையும் சட்டத்தில் இருந்த எழுத்தையும் பொருத்திப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல், செல்லமுத்து படிக்கக் கற்றுக்கொண்டார். எல்லாமே திரும்பிய எழுத்து. வரி வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். (பெரியண்ணன் ஈயத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தே பழகியவர். இப்படி நிமிர்ந்து திரும்பிய எழுத்து அவருக்கும் பிடிபடவில்லை.)

“காகிதத்தில்தான் நேராக விழுகிறதே, அதைப் பார்த்துக் கற்றிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“பேப்பர்ல விளுகிறது நெளலுங்க. எளுத்து இதுல்ல?” என்று சட்டத்தைத் தட்டிக் காட்டினார். “நெளலப் பாத்து ஆள அடையாளம் பளகுவாகளா யாராச்சும்?”

இதற்கு மறுப்புச் சொல்லும் ஒரு பாத்திரத்தைப் படைக்கலாமா என்று யோசித்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாததால் படைக்கவில்லை.

4

வகுப்பு அச்சாபீஸிலேயே, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நடந்தது. முதல் பாடம் ‘ப’. செல்லமுத்து எழுதிக் காட்டினார். சோலையப்பன் “பலே!” என்றார். (‘ப’வைத் திருப்பிப் போட்டாலும் ‘ப’தான். அந்த ஒரு நாள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.)

அடுத்தது ‘ட’.

“செல்லமுத்து, உங்க ‘ட’ அந்தப் பக்கம் பாக்குது.”

“இல்லீங்க சார், ஒங்க ‘ட’தான் இங்கிட்டுத் திரும்பிக்கிட்டு நிக்கிது.”

“நான் இதுக்குப் பயிற்சி எடுத்துட்டு வந்தவன்யா!”

“தெரியும் சார். அந்தப் பயிற்சிக்கு நோட்டீஸ் அடிச்சது நாந்தானே.”

நேராக எழுதிப் பழகிக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் பழகாமல் இல்லை. சிலேட்டை வீட்டுக்குக் கொண்டுபோனார். நடந்ததை அவர் மனைவி பொன்னுத்தாய், தூக்குவாளியை வைத்துவிட்டுப் போகும்போது சொன்னார்: “கை அங்கிட்டு இளுக்குது, இவரு இங்கிட்டு இளுக்குறாரு. ரெண்டுக்கும் நடுவுல சிலேட்டுல்ல ஒடஞ்சுபோச்சு!”

வயதானவர்களுக்குப் பாடம் சொல்வதில் இந்த ஒரு தொந்தரவு உண்டு. குழந்தையின் சிலேட்டு காலியாக இருக்கும். இவர்களுடையதில் ஏற்கெனவே என்னவோ எழுதியிருக்கும். அழித்துவிட்டுத் தொடங்கலாம் என்றால், எழுத்தோடு சேர்ந்து முப்பது வருஷமும் அழியும்.

5

இங்கே கதை நின்றுவிட்டது. காரணம் நானில்லை.

“சார், ஒரு எளுத்து கேஸுல சுத்தமாத் தீந்துபோச்சு” என்று பெரியண்ணன் வந்து நின்றார்.

எது என்று இங்கே காட்ட வழியில்லை. ‘ழ’வோடு உகரத்தைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சாபீஸில் அதெல்லாம் கொஞ்சம்தான் இருக்கும். நான் இந்தக் கதையில் வரிக்கு வரி அதையே செலவழித்திருக்கிறேன். கோத்த பக்கத்தை அச்சடித்து, துலக்கி, பிரித்துப் போட்டால்தான் அது திரும்பக் கேஸுக்கு வரும். அச்சடிக்க மெஷின் ஓட வேண்டும். மெஷின் ஓட செல்லமுத்து பாஸாக வேண்டும்.

“அதுவரைக்கும் நீங்களும் செல்லமுத்து அண்ணன் பேசுற மாதிரி ‘எளுத்து’ன்னே போட்டுருங்களேன் சார். ‘ளு’ நெறையக் கெடக்கு” என்றார் பெரியண்ணன்.

வேறு வழியில்லை. பிழை பார்க்கும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது செல்லமுத்துவின் வேலையோடு என் கதையும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அவசரத்தில் ஒரு முடிவைச் செய்துபார்த்தேன். பக்கத்து சலூன் கண்ணுசாமியிடம் கண்ணாடி இரவல் வாங்கி, புதுச் சிலேட்டுக்கு எதிரே பிடித்தோம். கண்ணாடிக்குள் ‘செல்லமுத்து’ என்று நேராகத் தெரிந்தது. சோலையப்பன் சந்தோஷப்பட்டார், தலையையும் ஒருமுறை வாரிக்கொண்டார். பிறகு முகம் வாடிவிட்டது.

“ஃபைல்ல கண்ணாடிய எப்படிய்யா ஒட்டுறது?”

தாளில் எளுதி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். ஆபீஸ் தாள் கெட்டி. வெயிலே உள்ளே வரவில்லை.

6

இன்று காலை சோலையப்பன் கடைசி அறிக்கை தயாரிக்க வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனசில்லாமல் வந்திருக்கிறார். மேலே ஒரு தாள், நடுவில் கார்பன், அடியில் நகலுக்கு ஒரு தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எளுதி முடித்தார். நகலை எடுத்தார். வெள்ளையாக இருந்தது.

கார்பனைத் தலைகீழாக வைத்திருக்கிறார். நீங்களும் வைத்திருப்பீர்கள். மை கீழே பார்த்தால் அடித்தாளில் பதியும். மேலே பார்த்தால் மேல்தாளின் முதுகிலேயே, இடம் வலம் மாறிப் பதியும்.

என்ன ஆயிற்று என்று புரியாமல் சோலையப்பன் மேல்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அதன் முதுகு, எதிரே நின்ற செல்லமுத்துவின் பக்கம் இருந்தது.

“‘செல்லமுத்து, வயது ஐம்பத்திரண்டு’” என்று செல்லமுத்து சத்தமாகப் படித்தார். “‘இவருக்கு முற்றிலும் படிக்கத் தெரியாது.’ என்னங்க சார் இது? ‘தெரியாது’ன்னா போதாதா? ‘முற்றிலும்’னு வேறயா?”

பெரியண்ணன் கையிலிருந்த ஈயத்தைக் கீழே போட்டார்.

“படிக்கத் தெரியாதுங்கிறதப் படிச்சுப்புட்டாரே சார்!”

சோலையப்பன் தாளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “இன்னொரு தடவை படிங்க” என்றார். செல்லமுத்து படித்தார். இந்தத் தடவை ‘முற்றிலும்’ இன்னும் சத்தமாக வந்தது.

சோலையப்பன் அறிக்கையைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து, கார்பனை இந்தத் தடவை கவனமாக, மை கீழே பார்க்கும்படி வைக்கப் போனார். செல்லமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“திருத்திப்புடாதீங்க சார். தப்பாவே வைங்க.”

வைத்தார். செல்லமுத்து தாளின் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது ஓரம் வரை போனார். கை இந்தத் தடவை யாரோடும் சண்டை போடவில்லை. முடித்ததும் சோலையப்பன் தாளைத் திருப்பினார். ‘என் பெயர் செல்லமுத்து. நான் மெஷின்மேன்.’ நேராக, புள்ளி தவறாமல், ‘ட’ வராத ஒரு வரி. (சோலையப்பன் வேண்டுமென்றே அப்படி ஒரு வரியைக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.)

“விதியில ‘முன்பக்கத்தில்’னு போட்டிருக்கே. இதுல எது முன்பக்கம்?” என்றார் சோலையப்பன்.

“நீங்க கையெளுத்துப் போடுற பக்கந்தாங்க.”

சோலையப்பன் பேனா மூடியைத் திறந்தார். தாளை ஒருமுறை திருப்பினார். மறுபடி திருப்பினார்.

7

பேனா இறங்கியதா, இறங்கியிருந்தால் எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. முடிவை உங்களிடம் விடுகிறேன். ஆனால் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மெஷின் ஓடாமல் அதை இந்த ஆபீஸில் கோத்திருக்க முடியாது.

கை அந்தப் பக்கம் இழுக்கும் முதியவர்கள், தாளுக்கு அடியில் கார்பனை மை மேலே பார்க்கும்படி வைத்து, வலப்பக்கத்திலிருந்து திரும்பிய எழுத்தில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிவிட வேண்டும்.