எதற்கென்று சொல்ல வேண்டும்

விருதென்றால் இப்படி அப்படி விருது இல்லை. ‘பல்பண்பாட்டுக் கல்விக்கும் சமூக நீதிக்கும் ஆற்றிய தலைசிறந்த பங்களிப்புக்கான விருது.’ சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அது பள்ளித் தலைமையாசிரியைக்குக் கிடைத்திருக்கிறது என்று சின்னவள்தான் ஓடிவந்து வீட்டில் சொன்னாள். அம்மா அப்போது வீங்கிய காலை உப்புப் போட்ட வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தாள். “நல்லது, நல்லா இருக்கட்டும்” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்த பெரியவன், யாரையோ பற்றிய பேச்சு என்பதுபோல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவர்கள் அந்த ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அப்பன் கப்பல் வேலைக்கென்று போனவன், போனவன் போனவன்தான். வந்த புதிதில் வாடகைக்கு வீடு கேட்டால் கதவைப் பாதி திறந்து பேசுவார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியும் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டவர் இந்தத் தலைமையாசிரியைதான். “எந்த ஊரா இருந்தா என்னம்மா, பிள்ளைங்க பிள்ளைங்கதானே” என்று அவர் சொன்னதை அம்மா சாகும்வரை மறக்க மாட்டாள். அதில்தான் எல்லா வம்பும் ஆரம்பம்.

ஏனென்றால் அந்தப் பள்ளியில் ‘வட்டம்’ என்று ஒன்று இருந்தது. வேறு வேறு இனத்துப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால், யார் எவர் என்று விசாரணை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். அடித்துக்கொண்ட இருவரும் நடுவில் நின்று கைகொடுக்க வேண்டும், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். வெறுமனே கேட்டால் போதாது, எதற்கென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் வகுப்பே கை தட்டும். தலைமையாசிரியை கண்டுபிடித்த முறை அது. இத்தனை சனம் கலந்து படிக்கிற பள்ளியிலிருந்து ஒரு புகார்கூட வெளியே போனதில்லை என்று பேப்பரில் எழுதினார்கள். விருதும் அதற்குத்தான்.

பெரியவனைச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் வைத்து அடித்தவன் அவன் வகுப்பிலேயே படித்த உள்ளூர்ப் பையன், நெட்டையன். கூட இன்னும் சிலர். “வந்தவனுங்க எல்லாம் வந்த வழியே போங்கடா” என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். இடது காது போயிற்று. போயிற்று என்றால் போயிற்றுதான், இனி அந்தப் பக்கம் நின்று யார் என்ன சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. தலைமையாசிரியை ஆஸ்பத்திரிக்கு வந்தார், கட்டிலருகில் உட்கார்ந்து அழவும் செய்தார். பொய் அழுகை இல்லை அது. ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்பிய அன்றே வட்டம் போட்டுவிட்டார்.

நெட்டையன் மளமளவென்று மன்னிப்புக் கேட்டான். பெரியவன் முறை வந்தது. “நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க மேடம், கேக்கறேன்” என்றான். தலைமையாசிரியையால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வட்டத்துக்கு வருகிறவரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று முடிந்தது. அவன் மறுநாளே கிடங்கு வேலைக்குப் போய்விட்டான்.

விருதுச் செய்தி வந்த அடுத்த வாரம் தலைமையாசிரியையே வீடு தேடி வந்தார். அம்மா ஒற்றை நாற்காலியிலிருந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு அவரை உட்கார வைத்தாள்.

“விழாவுல வட்டத்தை மேடையில காட்டச் சொல்றாங்கம்மா. நம்ம பையனும் அந்தப் பையனும் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்? அதோட எல்லாம் முடிஞ்சிடும். பரீட்சைக்கு அவன் பேரை நான் குடுத்துடறேன். இந்த வருஷமாவது வீணாப் போக வேணாம்.”

பரீட்சை! ஒரு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அம்மா காத்துக் கிடந்தாள். “கை மட்டும் குடுத்தா போதுங்களா மேடம்?”

“மன்னிப்பும் கேக்கணும்ல? ரெண்டு பேரும். அதுதானே வட்டம்.”

“என் புள்ள அடி வாங்கினவன் மேடம்.”

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா? யார் முதல்லன்னு பார்க்க ஆரம்பிச்சா இதுக்கு முடிவே இல்ல.” அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மெத்தென்று இருந்தது.

அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுக்க இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி வேண்டும். அந்த முனைக்காரியை எல்லோரும் வாயாடி என்பார்கள், காரணத்தோடுதான். விஷயத்தைக் கேட்டதும் அவள் விரிப்பை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“அடிப்பாவி! அடி வாங்கினவனே மன்னிப்பு கேக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்டி?”

“நியாயம் பாத்தா பரீட்சை போயிடும்க்கா.”

“பையன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா வருவானா?”

வாயாடி கைவிட்ட விரிப்பை மறுபடி எடுக்கவே மறந்தாள். விரிப்பின் ஓரம் உருளையில் மடிந்து சுருண்டு, மேற்பார்வைக்காரன் வந்து இருவரையும் திட்டிவிட்டுப் போனான்.

அன்று சாப்பாடு ஆனபின் அம்மா மகனுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். “பரீட்சை எழுதலன்னா ஆயுசுக்கும் பெட்டிதான்டா தூக்கணும். முதுகு விட்டுப்போச்சுன்னா அதுவும் இல்ல. எனக்காக வாடா.”

அவன் கேட்டான், “கை மட்டும்தானே?”

“கை மட்டும்தான்.”

“மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் இல்லையே?”

“இல்லடா.”

பெற்ற பிள்ளையிடம் அப்படிப் புளுகினாள். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

விழா மண்டபத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. மெத்தை நாற்காலி, மேடை முழுக்கப் பூ. முன்வரிசையில் அம்மாவையும் சின்னவளையும் உட்கார வைத்தார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அதை நினைத்துச் சந்தோஷப்படவா முடியும்? பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நீதி என்றார்கள், பன்மை என்றார்கள், பாலம் என்றார்கள். பிறகு வட்டமாக நாற்காலி போட்டார்கள்.

நெட்டையன் புதுச் சட்டையில் வந்தான். பெரியவன் இஸ்திரி போட்ட பழைய சட்டையில். இருவரும் கைகொடுத்தார்கள். மண்டபம் அதிரக் கை தட்டல். பெரியவன் கையை உருவிக்கொண்டு இறங்கத் திரும்பினான்.

“இருங்க தம்பி, இருங்க” என்றாள் நிகழ்ச்சி நடத்தியவள். அவள் நின்றது அவனுடைய இடது பக்கம். அவனுக்குக் கேட்கவில்லை, தோளைத் தொட்டு நிறுத்தினார்கள். நெட்டையன் ஒலிவாங்கியை வாங்கி, உன்னை அடித்ததற்கு மன்னித்துவிடு என்று அழகாகச் சொன்னான். நன்றாகப் பழக்கிவிட்டிருந்தார்கள். பிறகு ஒலிவாங்கி பெரியவன் கைக்கு வந்தது.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மேடையிலிருந்து நேராக அம்மாவைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ‘உனக்குத் தெரியுமா?’ என்று கேட்கிற பார்வை. எழுந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும் என்று அம்மாவின் கால் துடித்தது. பரீட்சை, பரீட்சை என்று தலைக்குள் ஒன்று கத்தியது. அவள் தலையை ஆட்டினாள். கேளுடா என்று ஆட்டினாள்.

“மன்னிச்சுடு” என்றான் அவன்.

தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் பூரிப்பு. கண் கலங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் சொன்னார், “எதுக்குன்னும் சொல்லு கண்ணா.”

அவன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், கணக்குக்கு விடை தேடுகிறவன் மாதிரி.

“நாங்க உங்க ஊருக்கு வந்ததுக்கு.”

மண்டபத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. தலைமையாசிரியையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் வாயைத் திறந்தார், என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. அதற்குள் பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். அந்த அமைதியை எப்படியாவது முடித்தால் போதுமென்று எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசையிலும் தட்டினார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னவள் எழுந்து நின்று, அண்ணனைப் பார்த்துக் கை சிவக்கத் தட்டினாள். விருதும் கொடுத்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று.

பேருந்தில் அவன் அம்மாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்தான். அவள் பக்கம் இருந்தது அவனுடைய கேட்காத காது. வழி நெடுக அந்தக் காதுக்கு அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள்.

தலைமையாசிரியை சொன்ன சொல் தவறவில்லை. அவன் பேர் பரீட்சைப் பட்டியலில் ஏறியது. அவன் எழுதினான், தேறவும் தேறினான். அம்மா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வீட்டில் அவன் பேச்சு மட்டும் குறைந்துபோனது. சாப்பாடு வேணும், வேணாம், போயிட்டு வரேன். அவ்வளவுதான். சண்டையாவது போட மாட்டானா என்று அவள் ஏங்கினாள். “அடப் போடி, காலம் போனா சரியாப்போகும்” என்று வாயாடி சொன்னாள். அவள் குரலிலேயே பலம் இல்லை.

அப்புறம் ஒருநாள் சின்னவள் பள்ளியிலிருந்து வந்தாள். சட்டையின் கை தோள்வரை கிழிந்திருந்தது, கன்னத்தில் நகக் கீறல். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பெரியவன் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா பதறிப்போய் அவள் முகத்தைத் தூக்கினாள். “ஐயோ! யாருடி அடிச்சது? டீச்சர்கிட்ட சொன்னியா?”

“சொல்லவே வேணாம்மா. அவ அடிச்ச உடனே நானே கையைக் குடுத்து முதல்ல மன்னிப்பு கேட்டுட்டேன். வட்டமே போடல. டீச்சர் என்னைக் கட்டிப்பிடிச்சு, எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க.”

“நீ... எதுக்குன்னு சொன்னே?”

“அண்ணன் சொன்னதேதான்” என்றாள் சின்னவள். “நாங்க வந்ததுக்குன்னு.”

பெரியவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். எழுந்து வந்து, பல நாளுக்குப் பிறகு அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை. அவன் தங்கையின் சட்டையில் கிழிந்து தொங்கிய கையை மேலே இழுத்துத் தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டான். விட்டால் அது மறுபடியும் கீழே விழும் என்பதால் பிடித்துக்கொண்டே நின்றான்.