மூடி மாறிய புட்டி

“யாரும் கொல்லாமலே செல் சாகுமா?” கல்யாணமான புதிதில் கணவன் கேட்டிருந்தான்.

“சாகும். கரு வளரும்போது நரம்பு செல்லுங்க தேவைக்கு மேலயே உருவாகும். அதுங்க போய்ச் சேர்ற இடத்துலேர்ந்து ஒரு புரதம் கொஞ்சமா கசியும். கிடைச்சது பிழைக்கும். கிடைக்காதது தன்னைத்தானே முடிச்சுக்கும்.”

“சரியான ரோஷக்காரங்க! உன் சொந்தமா?”

அன்று அவன் கையைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள். இன்று மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவளுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. தட்டில் அவள் வளர்த்த நரம்பு செல்கள் சுருங்கிப்போயிருந்தன. நேற்று நீளமாக ஓடிய இழைகள் மணி மணியாகத் துண்டுபட்டுக் கிடந்தன.

தப்பு எங்கே என்று உடனே பிடிபட்டது. ஊட்டத் திரவப் புட்டிகள் இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு. புரதம் கலந்ததன் மூடியில் மட்டும் நீலப் புள்ளி. ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். நேற்று இரண்டையும் சேர்த்துத் திறந்து, மூடியை மாற்றிப் போட்டிருக்கிறாள். அப்புறம் புள்ளியை நம்பி ஊற்றியது வெறும் திரவம்.

மனசு கையில் இருந்தால்தானே? கணவனுக்கு வெளியூர் மாற்றல். அங்கே போய் வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போடும்வரை மறுக்கலாம். “போகட்டுமா?” என்று அவனும் சுற்றிச் சுற்றி வந்தான். “உங்க இஷ்டம்” என்றே சொல்லிவந்தாள். சொல்ல நினைத்தது வேறு.

கதவு திறந்தது. கணவன்தான். அதே கட்டடத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன், எல்லாருக்கும் ‘ஸ்பேனர்’. தோளில் பயணப்பை.

“வண்டி கீழ நிக்குது. வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு... என்னம்மா, முகமே சரியில்ல?”

“செல்லுங்களைப் பட்டினி போட்டுட்டேங்க. இப்பப் பேச்சுக் கொடுக்காதீங்க.”

ஃபிரிட்ஜிலிருந்த புரதத்தைப் புதுத் திரவத்தில் கலந்து, தட்டின் ஓரமாக மெல்ல வழியவிட்டாள். வேகம் கூடினால் மிச்சமிருப்பதும் பெயர்ந்துவிடும். அவன் பையை இறக்காமலே எட்டிப் பார்த்தான்.

“இனி பிழைச்சுக்குமா?”

“ஒரு கட்டத்தைத் தாண்டினது, குடம் குடமா ஊத்தினாலும் திரும்பாது. தாண்டாதது தேறும்.”

“எது தாண்டலன்னு எப்பத் தெரியும்?”

“நாளைக்கு.”

“அப்ப ஃபோன்ல சொல்லு.”

கீழே ஹார்ன் அலறியது. சாவியை மேசையில் வைத்தவன், அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

“சரி, வர்றேன்.”

அவன் கதவை இழுத்துத் திறந்தான். ஒரு கால் வெளியே.

“ஏங்க!”

ஓடிப்போய்ப் பையின் வாரைப் பிடித்தாள்.

“ஏய், கிளவுஸ்! அதோட எதையும் தொடக்கூடாதுன்னு நீதானே என்னைத் திட்டுவே?”

அவள் விடவில்லை.

“மாற்றல் வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க இங்க இருக்கணும், என்கூட. போகாதீங்க.”