சுவருக்கு இந்தப் பக்கம்

தம்பி போய்ச் சேர்ந்து முப்பத்தெட்டு நாள் ஆச்சு. மூளையில ரத்தக் கசிவு. நான் ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட் நர்ஸ், அந்தச் செய்தியை எத்தனையோ குடும்பத்துக்குச் சொன்னவ. எனக்குச் சொன்னப்போ தலையாட்டிட்டு, எங்கே கையெழுத்துப் போடணும்னு கேட்டேன். அன்னையிலிருந்து அப்படியேதான் இருக்கேன். கல்லுளிமங்கின்னு சொந்தக்காரங்க பேசிக்கிறாங்களாம். பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?

இன்னைக்கு மத்தியானம் நெட்டை வந்தான். தம்பியோட பாட்டுக் குழுவில பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நிலைப்படியில தலை இடிக்காம எங்க வீட்டுக்குள்ள அவன் வந்ததே கிடையாது, இன்னைக்கும் இடிச்சுக்கிட்டான். வந்த விஷயத்தைச் சொல்லவே அரை மணி நேரம் மென்னு முழுங்கினான்.

தம்பி போட்ட கடைசிப் பாட்டை நாளைக்கு ரெக்கார்ட் பண்றாங்களாம். டிரம்ஸுக்கு வேற ஆள் வந்தாச்சு. ஆனா பாட்டு முழுக்க ஓடுறது ரைடு சிம்பல்தான், அந்த வலது பக்கத்துப் பெரிய தட்டு. "சரியான ரைடு சிக்கிடுச்சு, வந்து கேளு"ன்னு தம்பி போன்ல சொல்லியிருக்கான். எதுன்னு சொல்லலை. மறுநாள் சொல்ல ஆள் இல்லை. அவன் அறையில இருக்கிறது மூணு ரைடு. கடைசி வாரம் அந்தப் பாட்டை வீட்டிலதான் வாசிச்சுப் பார்த்தான். கேட்டது நான் ஒருத்திதான்.

கேட்டேனா? பகல் பூரா தூங்க வேண்டியவ நான். பக்கத்து அறையில அவன் ஆரம்பிச்சா சுவத்தைக் குத்தி, நிறுத்துடான்னு கத்துவேன். ஆறு வருஷமா நான் கேட்ட லட்சணம் அதுதான். அதை நெட்டைகிட்ட சொல்ல வெட்கமா இருந்தது. தம்பி அறையைத் திறந்துவிட்டேன்.

முதல்ல இருபது இன்ச்சை ஸ்டாண்டில மாட்டினான். குச்சி பட்டதும் 'டிங்'னு பளிச்சுன்னு விழுந்து, உடனே அடங்கிடுச்சு. அப்புறம் இருபத்திரெண்டு. கனமான சத்தம். ஒரு அடி அடங்கறதுக்குள்ள அடுத்தது அதுமேல ஏறி, அறை முழுக்க இரைச்சல் நிரம்பிடுச்சு. கடைசியா இருபத்தொண்ணு. பழசு, உடம்பெல்லாம் சுத்தியல் தழும்பு. சத்தமும் வறண்ட சத்தம், ஒவ்வொரு அடியும் தனித்தனியா நின்னுது. இருபத்திரெண்டுதான்னு நெட்டை சத்தியம் பண்ணாத குறை. அது வந்ததிலேர்ந்து தம்பி அதைப் பத்தியேதான் பீத்திக்கிட்டிருந்தானாம். எனக்கு மூணும் ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில தட்டு கீழே விழுந்தாலும் இப்படித்தான் கேட்கும். உள்ளே ஒண்ணும் அசையலை.

தெரியலைப்பான்னு சொல்ல வாயெடுத்தப்போதான் உறைச்சது. இந்த அறையில நின்னு நான் ஒரு நாளும் கேட்டதே இல்லையே. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுக் கட்டில்ல படுத்தேன். எதை மாட்டறேன்னு சொல்லாம அடிடான்னேன்.

முதல்ல வந்தது, யாரோ நகத்தால மேஜையைத் தட்டற மாதிரி இருந்தது. பளிச்சுன்னு இருந்ததெல்லாம் சுவத்தைத் தாண்டலை. அடுத்தது ஒரே முனகல், அடி எங்கே விழுதுன்னே தெரியலை. அப்புறம் மூணாவது. அடிக்கு அடி தெளிவா, அதுக்குக் கீழே மெல்லிசா ஒரு இழுவை. என் கை தானா போய்ச் சுவத்தைக் குத்துச்சு. டேய், நிறுத்துடான்னு வாயும் கத்திடுச்சு.

சட்டுன்னு நின்னுபோச்சு.

தம்பி அப்படி நிறுத்தினதே இல்லை. நான் கத்தினா, வேணும்னே இன்னும் நாலு அடி அடிச்சிட்டுத்தான் குச்சியைக் கீழே வைப்பான். சுவத்தில வச்ச கையை எடுக்காம அந்த நாலுக்காகக் காத்துக்கிட்டுக் கிடந்தேன். வரலை.

நெட்டை ஓடி வந்து, என் அறை நிலைப்படியிலயும் இடிச்சுக்கிட்டான். "இதுதானா அக்கா? இது இருபத்தொண்ணு."

"இதுதான்"னேன். "போய் இன்னும் நாலு அடிச்சிட்டு வை."

ஏன்னு கேட்காம போனான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவன் குச்சியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது.