சம்பந்தி வீட்டார் பார்த்த மூக்கு

எங்கள் குத்துச்சண்டைச் சங்கத்தில் தீர்ப்பு மாறினால் உடைந்த மூக்கும் மாறும். அது தோற்றவருக்குத்தான் சேர வேண்டும். தணிகாசலமும் எட்வினும் மோதி முப்பத்தோரு வருடம் ஆகிறது. அன்று நான்தான் நடுவர். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சண்டையைப் பற்றி விவாதித்து, கை தூக்கி முடிவெடுப்போம். இந்த மாதம் எட்வின் ஜெயித்தார். தணிகாசலம் கோணல் மூக்குடன் பஸ் ஏறினார்.

பதினாலாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம்.

"பொண்ணு பாக்க வந்தப்ப மூக்கு நேரா இருந்துச்சுண்ணே. இப்ப சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?" என்று என்னிடம் புலம்பினார். நான் எட்வினைக் கேட்டுப் பார்த்தேன்.

"எம் பொண்ணு வளைகாப்புக்கு அவன் விட்டுக்குடுத்தானா? அத்தினி போட்டோலயும் கோண மூக்கோட நிக்கிறேன்" என்றார். நியாயம்தான்.

வெவ்வேறு எடைப்பிரிவுக்காரர்கள் மோதக் கூடாது என்பது விதி. இருவரும் அறுபது கிலோ பிரிவு. தணிகாசலம் சோற்றை விட்டார், பிறகு மோரையும் விட்டார். பன்னிரண்டாம் தேதி சங்கத்துத் தராசு சரியாக ஐம்பத்தேழு காட்டியது, கீழ்ப்பிரிவின் உச்சவரம்பு. ஒரு டம்ளர் தண்ணீர் கூடினாலும் பழைய பிரிவுதான். ஆக, அந்தச் சண்டை நடந்திருக்கவே முடியாது. பதிவேட்டில் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் மூக்கு நிமிர்ந்தது. உடைந்தது எங்காவது இருந்தாக வேண்டுமே, நடுவருக்கு வந்தது. இத்தனை வருடம் நேர்மையாக இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

கல்யாணத்துக்கு எட்வின் வந்தார். தணிகாசலம் வாசலில் கைகூப்பினார்.

"சாரு மாப்ள வீடுங்களா?"

"தெரியலிங்க. பத்திரிகை வந்துச்சு, வந்தேன்."

மோதாதவர்களுக்குள் பழக்கம் ஏது?

பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தணிகாசலம் இலையைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர எங்கியோ அடிச்ச மாதிரி இருக்குண்ணே."

"பாயசம் குடி" என்றேன்.

தணிகாசலம் மூன்றாவது டம்ளரைக் காலி செய்ததும் எட்வின் தலையைத் தூக்கினார்.

"டேய் தணிகா, கடைசி ரவுண்டுல கயித்தப் புடிச்சிக்கினுதான நின்ன?"

"யார்ரா புடிச்சது?" என்ற தணிகாசலத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

என் மூக்கு நிமிர்ந்தது. பழைய தீர்ப்பை நான் அடித்துவிட்டதால் இருவரில் யாருக்கும் உடைந்த மூக்கைக் கொடுக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அதுவரை மாப்பிள்ளை வைத்துக்கொண்டார்.