மஞ்சளில் நின்ற முள்

முந்தின நாள் சாயங்காலம் இருட்டும் வரைக்கும் கரையில் ஓடிப் பிடித்து ஆடியவள். ஒரு இருமல் கிடையாது. ராத்திரி மீன் குழம்பைத் தட்டோடு வழித்துத் தின்றாள். விடிந்ததும் அனு ஊதுகுழாயை அம்மாவிடம் நீட்ட, முள் மஞ்சளில் நின்றது. வச்சலாவுக்கு எங்கேயோ இடித்தது.

செங்கல்பட்டு டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்கிய, மூச்சை அளக்கிற குழாய் அது. காலையில் மூச்சை நன்றாக இழுத்து, ஒரே வேகத்தில் ஊதினால் சிவப்பு முள் ஓடிப்போய் ஒரு நிறத்தில் நிற்கும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் இழுப்பு எட்டிப் பார்க்கிறது, மருந்தைக் கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். "வீசிங் வர்றதுக்கு முன்னாடியே இது சொல்லிடும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஏலத்தில் ஒரு கூடை எடுக்காதவள் வச்சலா. யோசித்துப் பார்த்தாள். கொச்சி விசைப்படகு வேலைக்குப் போக புருஷன் சுதாகர் பையைக் கட்டும் நாளில்தான் முள் மஞ்சளுக்கு வருகிறது. "பொண்ணு இப்டி கீறப்போ எப்டிம்மே போறது?" என்று அவனும் பையைப் பிரித்துவிடுகிறான். போன தடவை இரண்டு மாதம் என்று போனவன், வருஷம் திரும்பும்போதுதான் வந்தான். போன் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை நம்பவில்லை.

மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அனு ஊதினாள். முள் ஜம்மென்று பச்சைக்குப் போனது. நகம் கடித்த விரலால் அதை மஞ்சளுக்குத் தள்ளினாள்.

"இன்னாடி பண்ற?"

அனு பயப்படவில்லை. "பச்சைன்னா நைனா பூடுவாரும்மா."

"நெசமாவே இழுத்துச்சுன்னா? எவடி நம்புவா?"

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. இனி தொடமாட்டேன் என்று தன் தலையில் அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். ஆனால் சுதாகரிடம் சொல்லவில்லை. அந்தப் பொய் தனக்கும் சௌகரியமாக இருந்ததை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் திரும்பவும் பை வாசலுக்கு வந்தது. ரோட்டில் வேன் நின்றது. அனு குழாயை நீட்டினாள். மஞ்சள். சிவப்பை ஒட்டிய மஞ்சள்.

"தொடலம்மா. சத்தியமா."

வச்சலா முள்ளை அடிக்குத் தள்ளிக் கொடுத்தாள். "என் எதுர்ல ஊது."

ஊதினாள். அதே இடம். விரல் படவில்லை, உண்மைதான். ஆனால் வேண்டுமென்றே மெதுவாக ஊதினாலும் முள் இங்கேதான் நிற்கும். அனுவின் கண்ணைப் பார்த்தாள். விரலால் தள்ளிய அன்றைக்கும் அந்தக் கண் இப்படியேதான் இருந்தது.

"இன்னா கலரும்மே?" வாசலிலிருந்து சுதாகர் கேட்டான். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

வச்சலா மகளைத் திருப்பி, சட்டையைத் தூக்கி, இழுப்புச் சத்தம் கேட்கிறதா என்று முதுகில் காதை வைத்தாள். மறு காதில் கடல் இரைந்தது. மறுபடியும் ஹாரன். பேசாதே என்று வாசல் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் காதை இன்னும் அழுத்தினாள்.

அனு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.