ஐந்து பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்கிய மடிக்கணினி

மிரான் அக்காவின் பழைய மடிக்கணினி செத்துப்போனதும், புதியதைத் தேர்ந்தெடுக்க எங்கள் நகராட்சி ஐந்து பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. ஐவருக்கும் கண் நன்றாகத் தெரியும். மிரான் அக்காவுக்குப் பிறவியிலிருந்தே தெரியாது. அதனால்தானோ என்னவோ, குழுவில் அவளுக்கு இடமில்லை.

பூசான் துறைமுக நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர் எங்களுடையது. அங்கே குறைதீர்ப்புப் பிரிவில் ஓக் மிரானுக்கு அடுத்த மேசை என்னுடையது. ஊர்ஜனங்கள் இணையத்தில் எழுதிக் கொட்டும் புகார்களைப் படித்து உரிய துறைக்குத் தள்ளிவிடுவது அவள் வேலை. படிப்பது என்றால், காதால். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்று அவள் கணினியில் உண்டு. அது வாசிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூட விளங்காது. தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி இருக்கும். அவளோ அதைக் கேட்டுக்கொண்டே காபிப்பொட்டலம் கிழித்துக் கலக்கிக் குடிப்பாள்.

என்ன வேண்டும் என்பதைப் பிரிவுத் தலைவர் தாக் குவாங்ஷிக்கிடம் அவள் நேரிலேயே போய்ச் சொன்னாள்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் சார். வலது பக்கம் எண் பலகை தனியா இருக்கணும். வரி வரியா நகர்றதுக்கு எனக்கு அதுதான் வழி. விசையெல்லாம் விரலுக்குத் தட்டுப்படணும். ஹெட்போன் செருக ஓட்டை வேணும். திரை இல்லாட்டிக்கூடப் பரவாயில்ல."

"அம்மா, நீங்களே சொல்லி நீங்களே வாங்கினா, தணிக்கையில பாரபட்சம்னு எழுதிடுவாங்க. நடுநிலையா ஒரு குழு போட்டுடுவோம்."

"நடுநிலைன்னா சார்?"

"அதை உபயோகிக்காதவங்க."

குழு கூடிய அன்று காபி கொடுக்கப் போன நான், வாசலருகே நின்றுவிட்டேன். நகர முடியவில்லை, வேடிக்கை அப்படி. "பார்வையற்றோர் அனுபவ அமர்வு" என்று சுவரில் துணி கட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு கறுப்புக் கண்பட்டை. மேசைமேல் மூன்று கணினிகள். தாக் முதலில் கட்டிக்கொண்டார். நலச்சங்கத் தலைவி கட்டிக்கொண்ட உடனே, "ஐயோ, எவ்வளவு இருட்டு!" என்று அழ ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் கையை நீட்டி, கணினி என்று நினைத்து, சிற்றுண்டிக்கு வைத்திருந்த கிம்பாப் சோற்றுருளைத் தட்டை அமுக்கினார். "இது கொஞ்சம் மெத்துனு இருக்கே" என்றார். வடிவமைப்புப் பேராசிரியர் மட்டும் மிக மெல்லிய கணினியின் மூடியை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு அமைதி இருக்கு" என்றார். "அவங்க மனசுக்கு இதமா இருக்கும்."

ஐந்தாமவர் விளம்பரப் பிரிவுக்காரர். அவர் படம் எடுக்கவேண்டியிருந்ததால் பட்டையை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

கண்பட்டைகளை அவிழ்த்தபோது அந்த மெல்லிய கணினியின் திரையில் நீலக்கடல் ஒன்று புரண்டுகொண்டிருந்தது. ஐந்து பேரும் ஒரே குரலில் "ஆகா!" என்றார்கள். தீர்மானம் அங்கேயே நிறைவேறியது.

கொடுக்கும்போதும் படம் எடுத்தார்கள். மிரான் அக்கா அதை மடியில் வைத்து விரலால் சுற்றி வந்தாள். வலது பக்கம் வழுவழுப்பு. மேல்வரிசை விசைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை.

"ஹெட்போன் ஓட்டை எங்க சார்?"

"இப்பல்லாம் யாரு ஓட்டை வைக்கிறா? கம்பியில்லாதது போட்டுக்கலாம்மா."

"கம்பியில்லாத எதையும் ஆபீஸ் கணினியில இணைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டதே நீங்கதான் சார். பக்கத்துல இருக்கிற துளைங்களையும் பாதுகாப்புன்னு ஒட்டி மூடிட்டாங்க."

தாக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சத்தமாவே கேளுங்க. யாரு என்ன சொல்லப் போறா?"

"புகாரெல்லாம் எல்லாருக்கும் கேக்கும் சார். எழுதினவங்க பேரை நான் தாண்டிப் போயிடலாம். மத்ததைத் தாண்ட முடியாது."

"கேட்டா என்ன? நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே!"

திங்கட்கிழமை அக்கா வேலையைத் தொடங்கினாள். அறை முழுக்கத் தேன்கூடு. சிறிது நேரத்தில் தாக் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"என்னம்மா இது, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி! மனுஷங்க பேசற வேகத்துல வைங்க."

"வெச்சா எல்லாருக்கும் புரியுமே சார்."

"புரியட்டும்!"

வைத்தாள். தெருவிளக்கு ஒன்று, கருவாட்டு நாற்றம் ஒன்று. மூன்றாவதை அந்த இயந்திரக்குரல், செய்தி வாசிப்பது போல நிதானமாக எடுத்தது.

"குறைதீர்ப்புப் பிரிவுத் தலைவர் புதன்தோறும் மதியம் கள ஆய்வு என்று கிளம்புகிறார். மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கிற திரையில் பந்தடித்து ஆடும் கோல்ஃப் கூடத்தில் அப்படி என்ன களம் இருக்கிறது கேள்விக்குறி கேள்விக்குறி. பக்கத்து அறையில் ஆடும் எங்களுக்கு அவர் போடும் கூச்சல் தாங்கவில்லை. பந்து ஒருநாளும் குழியில் விழுந்ததில்லை. கீயுக் கீயுக் கீயுக் கீயுக்."

கீயுக் என்பது சிரிப்புக்காக நாங்கள் வரிசையாகத் தட்டுகிற எழுத்து. மனிதர்கள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். இயந்திரமோ எழுத்தின் பெயரை முகம் மாறாமல் உச்சரிக்கும்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" தாக் ஓடிவந்தார்.

"சத்தம் குறைக்கிறது இந்தக் கண்ணாடிலதான் எங்கேயோ இருக்காம் சார். தடவிக்கிட்டே இருக்கேன்."

அவரே குனிந்து பட்டையில் விரலை வைத்தார். விரல் வழுக்கியது. சத்தம் கூடியது. பதினைந்து பேர் கேட்கிற அறையில் குரல் அடுத்த வரிக்குப் போனது: "அவரது மட்டையைச் சுமந்து வரும் நகராட்சி ஓட்டுநருக்கு மிகைநேரப் படி யார் கொடுக்கிறார்கள் கேள்விக்குறி."

விசைப்பலகையின் கீழ்மூலையில் இருக்கும் ஒரு விசையைத் தட்டினால் அந்தக் குரல் சட்டென்று நின்றுவிடும். எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மதியம் தாக் அவளைக் கூப்பிட்டார். "நீங்களே போய் உங்களுக்குத் தோதா ஒண்ணு எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

"தணிக்கை சார்?"

"கிடக்குது தணிக்கை!"

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விற்பனைக்காரப் பையன் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்றான்.

"அவளை ஏன் கேக்கறீங்க? எனக்குக் காது இருக்கு" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவன் அவளிடமே பேசினான். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் பேசுவது போல உரக்க.

அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கீலை ஆட்டினாள். விசிறி இரைகிறதா என்று காதை வைத்தாள். கணினிக்குள்ளேயே இருக்கும் வாசிக்கும் குரலை எழுப்பி, விசையைத் தட்டியதும் பதில் வருகிறதா, தயங்குகிறதா என்று சோதித்தாள். கடைசியில் அவள் கை நின்றது, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த தடித்த, கனத்த, யாரும் சீண்டாத ஒன்றின்மேல். எண் பலகை, முட்டி நிற்கும் விசைகள், பக்கவாட்டில் ஓட்டை.

"திரை மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கும்..." என்று கடைக்காரன் இழுத்தான்.

"பரவாயில்ல. எனக்குப் பழகிப்போச்சு."

மெல்லிய கணினியைத் தாக் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். கண்பட்டை அமர்வுக்காக எங்கள் பிரிவுக்கு மாகாண அளவில் பாராட்டுக் கேடயம் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள ஐந்து பேரும் போனார்கள். மிரான் அக்காவை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது அவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறாள். அறையில் சத்தமே இல்லை, ஆனால் யாருக்கும் நிம்மதியும் இல்லை. அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தால் போதும், நாலு மேசைகளில் கை நின்றுவிடுகிறது. தாக் ஒருநாளில் பலமுறை அவளருகே வந்து நிற்கிறார். அவள் ஒரு காதை விடுவித்து, "என்ன சார்?" என்பாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிடுவார்.

புதன் மதியங்களிலும் அவர் எங்கேயும் போவதில்லை. கண்ணாடி அறையிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் நஷ்டம் எங்களுக்குத்தான். அந்த நேரத்தில்தான் நாங்கள் மேசையில் தலைசாய்த்துக் கொஞ்சம் கண்ணயர்வோம்.