நான்கு நிமிடத் தூரம்

தலைமையகத்திலிருந்து வந்த குறிப்பை மூன்றாவது முறை படித்துவிட்டு அவள் திரையை அணைத்தாள். மீட்புக் கப்பல் நாளைக்கே வந்துவிடும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம், நீங்களும் அதையே சொல்லவும், பதறினால் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். கப்பல் போய்ச் சேர ஆறு நாளாகும் என்பதும் அதே குறிப்பில்தான் இருந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. விண்கல் ஒன்றின் மேல் நட்டுவைத்த தகவல் கோபுரத்துக்கு அவள் ஒருத்திதான் காவல். அடுத்த கோபுரத்தில் அவன். நான்கே மாதம் மூத்தவளான அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான். எதைச் சொன்னாலும் திருத்துவதால் அவள் அவனுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. குரல் போய்ச் சேர நான்கு நிமிடம், பதில் வர நான்கு நிமிடம். அந்த இடைவெளியில் துணி மடிப்பாள், சாப்பாட்டைச் சூடாக்குவாள், சண்டை என்றால் அடுத்து எப்படி மடக்கலாம் என்று யோசிப்பாள். பதினான்கு மாதம் அப்படித்தான் ஓடியது. வீட்டில்கூட அவள் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

நேற்றுக் காலை அவனுடைய காற்றுச் சுத்திகரிப்பான் நின்றுபோனது. மாற்றுவதற்கு வைத்திருந்த பாகம் அளவு தப்பி வந்திருந்தது. அரத்தால் ராவிப் பார்த்தான், கம்பி வைத்துக் கட்டிப் பார்த்தான். ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்லிக்கொண்டே செய்தான். பிறகு தலை வலிக்கிறது என்றான். இப்போது மூச்சு வாங்கியபடியே கேட்டிருந்தான்.

"கிழவி, கப்பல் நாளைக்கு வந்துரும்கறாங்க. நீ சொல்லு, வருதா?"

பொத்தானை அழுத்தினாள். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"இல்லடா. ஆறு நாள் ஆகும்."

எட்டு நிமிடம் அவள் எதையும் தொடவில்லை. தன் கையாலேயே அவன் கழுத்தை நெரித்துவிட்டதுபோல் இருந்தது.

"கணக்குப் போட்டுப் பாத்தேன், எனக்கும் ஆறுதான் வந்துச்சு," என்றான். கொஞ்சநேரம் வெறும் மூச்சு. "எல்லாரும் ஒண்ணாச் சேந்து பொய் சொல்றாங்களோன்னுதான் பயமா இருந்துச்சு. நீ ஏதாவது பேசிட்டே இரு. பதிலுக்குக் காத்திருக்காத."

பேசினாள். தங்கைக்கு முடி வெட்டுகிறேன் என்று ஒரு பக்கத்தை மொட்டையாக்கிவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்ததைச் சொன்னாள். எங்கே போனாலும் பூட்டை இழுத்துப் பார்க்கப் பாதி வழியில் திரும்பி வரும் அப்பாவைச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு நானூறு நாள் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். எட்டு நிமிடம் கழித்து, "முந்நூத்தி அறுபத்தஞ்சு," என்று வந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எந்தத் தப்பும் திருத்தப்படவில்லை.

தொண்டை கட்டும்வரை பேசினாள். கடைசியில் தலைமையகம் குறுக்கிட்டு, இணைப்பை மூடலாம், நேரத்தைப் பதிவு செய்யவும் என்றது. மூச்சுச் சத்தம் கடைசியாகக் கேட்ட நேரத்தில் நான்கு நிமிடத்தைக் கழித்து எழுதினாள்.

அவளுடைய காற்றுச் சுத்திகரிப்பானைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டிருந்தது. மூடியைக் கழற்றி, வடிகட்டியைத் தட்டித் தூசி போக்கி, திரும்பப் பொருத்தினாள். குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதியது. நெற்றி மயிர் அசைந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.